பூங்காவில் விழும் பாம் மர விதைகளை எடுத்து முளைக்க வைப்பது எப்படி?

கொன்றைப்பூ (சென்னை, அண்ணா நகர்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுப் பக்கத்து மாநகராட்சிப் பூங்காவில் நடைபாதை நெடுக ஃபாக்ஸ்டெயில் பாம் வைத்திருக்கிறார்கள். இப்போது குலை குலையாகப் பழுத்து, தரையெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் பழம் சிதறிக் கிடக்கிறது. காலையில் பெருக்குகிற அக்கா எல்லாவற்றையும் அள்ளிக் குப்பை வண்டியில் போட்டுவிடுகிறார். நர்சரியில் இதே மரத்தின் முழங்கால் உயரக் கன்றுக்குச் சொல்லும் விலையைக் கேட்டவளுக்கு, அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நடக்க மனசு வரவில்லை.

வேறு பாம்களும் இருக்கின்றன. வாசலில் தூண் மாதிரி உயர்ந்த மரம் ஒரு வரிசை. மூலையில் அடி பருத்த குள்ள மரம் இரண்டு. இரண்டையுமே தோட்டக்காரர் பாட்டில் பாம் என்றுதான் சொல்கிறார். பின்சுவரோரம் ஒரு கூந்தல் பனை, சடை சடையாகக் காய் தொங்குகிறது.

எனக்குத் தெரிய வேண்டியவை: கீழே விழுந்ததை எடுக்கலாமா, குலையிலிருந்தே பறிக்க வேண்டுமா? பழத்தை அப்படியே புதைக்கலாமா? முளைக்க எத்தனை நாள் ஆகும்? யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா? வீட்டில் இருப்பது ஒரு பால்கனி மட்டும். ஆனால் திண்டிவனம் பக்கத்தில் அம்மா ஊரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது, கன்று தேறினால் அங்கே வைத்துவிடலாம்.

மொட்டைமாடி (கோவை)

நானும் இதைத் தெரிந்துகொள்ளத்தான் காத்திருக்கிறேன். எனக்கு அனுபவம் அரிக்கா பாம் மட்டும்தான். வீட்டு வாசலில் புதராக வளர்ப்போமே, அதுதான். நன்றாகப் பழுத்த பழத்தின் தோலை உரித்து, ஊற வைத்துக் கழுவி, கோகோபீட்டில் (தேங்காய் நார்க்கழிவு) போட்டேன். இரண்டு மாதத்துக்குள் நிறைய முளைத்தன. முதல்முறை செய்கிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன், பெரிதாக ஏமாற்றாது.

பூஞ்சை வராமல் இருக்க சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியா) கலந்த தண்ணீரில் விதையை முக்கி எடுத்தேன். ஒரு சந்தேகம்: முளைப்பைச் சீக்கிரமாக்க ஜிப்ரலிக் ஆசிட் என்ற பயிர் வளர்ச்சி ஊக்கியில் ஊற வைக்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? தேரி அண்ணாச்சி இந்தப் பக்கம் வந்தால் நல்லது.

செம்மண்தேரி (உடன்குடி)

தங்கச்சி, முதலில் எது எந்த மரம் என்று பிரித்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் விதைக்கும் குணம் வேறு.

வாசலில் உயரமாக, சிமென்ட் பூசியது போல வெளிறிய தண்டோடு நிற்பது ராயல் பாம், கியூபா பக்கத்து மரம். அதன் பழம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கும், பழுத்தால் கருஊதா. மூலையில் நிற்கும் குள்ளம்தான் அசல் பாட்டில் பாம். தலையில் ஏழெட்டு மட்டைக்கு மேல் ஒரு நேரத்தில் இருக்காது. அது மொரீஷியஸுக்கு வடக்கே இருக்கும் ரவுண்ட் தீவு என்ற சின்னத் தீவின் மரம். அங்கே மனிதர்கள் கொண்டுபோய் விட்ட ஆடும் முயலும் கன்று தலைகாட்டும் முன்னே மேய்ந்துவிட, காட்டில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டது. 1979-க்குள் ஆடுகளையும் 1986-ல் முயல்களையும் அகற்றிய பிறகுதான் அங்கே இளங்கன்று நிற்க ஆரம்பித்தது. சொந்த ஊரில் அந்த நிலைமை, நம் ஊர்ப் பூங்காவில் குப்பை வண்டிக்குப் போகிறது. அதனால் அந்த இரண்டு குள்ள மரத்தின் பழத்தை விட்டுவிடாதீர்கள். என்னைக் கேட்டால் ஃபாக்ஸ்டெயிலை விட அதற்குத்தான் முதல் இடம் கொடுப்பேன்.

ஃபாக்ஸ்டெயிலுக்கும் கதை உண்டு. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் வடகோடியில் கேப் மெல்வில் என்று ஓர் இடம், கருங்கல் பாறை குவிந்த மலை. இந்த மரம் இயற்கையாக இருந்தது அந்த ஒரு வட்டாரத்தில்தான். 1983-ல்தான் அறிவியல் பெயர் வைத்தார்கள், வோடியேட்டியா பைஃபர்கேட்டா என்று. அந்த மண்ணின் பழங்குடிப் பெரியவர் ஒருவர் பெயர் வோடியேட்டி, அவர் நினைவாக வைத்தது. பிறகு விதைக்கு விலை ஏறி, 1990-களின் தொடக்கத்தில் அந்தக் காட்டிலிருந்தே திருடிக் கடத்தி அங்கே பெரிய விவகாரமானது. இன்று நம் ஊர்ச் சாலை நடுவில் நிற்பதெல்லாம் அந்தப் பாறை மலை மரங்களின் வாரிசுகள்தான்.

இதைச் சொன்ன கையோடு அனுமதி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மாநகராட்சிப் பூங்கா என்றால் தோட்டக்காரரிடமும் மேற்பார்வையாளரிடமும் சொல்லிவிட்டு, விழுந்ததை மட்டும் எடுங்கள். பெருக்குகிற அக்காவிடம் ஒரு பையைக் கொடுத்து வைத்தால் அவரே எடுத்து வைப்பார். தாவரவியல் பூங்கா என்றால் அலுவலகத்தில் கேட்காமல் ஒரு விதைகூட எடுக்கக் கூடாது. எங்கேயாக இருந்தாலும் குலையை வெட்டுவதோ கல்லெறிவதோ வேண்டாம்.

இனி எடுக்கும் முறை. நன்றாகப் பழுத்துத் தானாக விழுந்த பழம்தான் சிறந்தது. ஆனால் அன்றைக்கு விழுந்ததாக இருக்க வேண்டும். ஃபாக்ஸ்டெயில் என்றால் காம்புப் பக்கம் வரை ஆரஞ்சும் சிவப்புமாக நிறம் ஏறியிருக்கும். பாதி பச்சை என்றால் உள்ளே பருப்பு இறுகியிருக்காது. சந்தேகம் வந்தால் ஒரு விதையைப் பலியிட்டுப் பாருங்கள். குறுக்கே வெட்டினால் பருப்பு வெள்ளையாக, கெட்டியாக, ஓட்டுக்குள் இடைவெளி இல்லாமல் நிறைந்திருக்க வேண்டும். நுங்கு மாதிரி வழுவழுவென்று இருந்தால் இன்னும் நாள் ஆகவில்லை. அந்தக் குலைக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து வாருங்கள்.

பல நாள் தரையில் கிடந்த விதையில் குண்டூசி குத்தியது போலச் சின்னத் துளை இருக்கும். விதையைத் துளைக்கும் ஒரு பொடி வண்டின் வேலை அது. உள்ளே குடும்பமே நடத்திக்கொண்டிருக்கும். அப்படி ஒன்றைப் பையில் போட்டால் மற்றதற்கும் பரவிவிடும். எடுக்கும்போதே வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள், துளை இருந்தால் தள்ளுங்கள்.

பழத்தோடு புதைக்க வேண்டாம். சதையில் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன, புளித்தால் பூஞ்சையும் எறும்பும் வரும். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறப் போடுங்கள், தினமும் தண்ணீரை மாற்றுங்கள். சதை குழைந்ததும் சாக்குத் துணியில் கொஞ்சம் மணலோடு போட்டுத் தேய்த்தால் கழன்றுவிடும். கையில் வழுக்கல் தெரியாத வரை அலசுங்கள். ஃபாக்ஸ்டெயில் விதையின் மேல் கறுப்பாக, தட்டையாக, கிளை பிரிந்த நார் ஒட்டியிருக்கும். அதைப் பிய்க்க வேண்டியதில்லை, சதை போனால் போதும். கழுவிய பிறகும் மிதக்கிற விதை பெரும்பாலும் பொக்கு. நார் உள்ள விதையில் மட்டும் காற்று சிக்கி நல்லதும் மிதக்கும், அதனால் ஃபாக்ஸ்டெயிலுக்கு இந்தச் சோதனையை மட்டும் நம்பி எறிந்துவிடாதீர்கள்.

கூந்தல் பனைக்கு இந்த வேலை வேறு மாதிரி. அதன் சதையில் கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட் படிகம் இருக்கிறது. வெறும் கையால் பிசைந்தால் மணிக்கணக்கில் அரிக்கும், அந்தக் கை கண்ணில் பட்டால் இன்னும் மோசம். கனமான ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, பிள்ளைகளைப் பக்கத்தில் விடாமல் செய்யுங்கள். காட்டில் இந்த வேலையை மரநாய் செய்கிறது. பழத்தைத் தின்று, சதை நீங்கிய விதையைப் பாறை மேலும் மரத்தடியிலும் எச்சத்தில் போட்டுவிட்டுப் போகும். மேற்குத் தொடர்ச்சி மலைப் பாதைகளில் அப்படிக் குவியலாகப் பார்க்கலாம்.

கழுவிய விதையை வெயிலில் காய வைக்காதீர்கள், பிரிட்ஜிலும் வைக்காதீர்கள். இது முக்கியம். நெல், கத்தரி விதையைக் காய வைத்துச் சேமித்துப் பழகியவர்களுக்கு இது கையோடு வரும் பழக்கம். வெப்பமண்டலப் பாம் விதைகளில் பெரும்பாலானவை உலர்ந்தாலோ குளிர்ந்தாலோ உள்ளே கரு செத்துவிடும். எடுத்த அதே வாரத்தில் முளைக்கப் போட்டுவிடுவது நல்லது.

இடம் குறைவு என்றீர்கள், அதற்குப் பை முறைதான் சரி. தேங்காய் நார்க்கழிவை நன்றாக இரண்டு மூன்று தண்ணீர் அலசுங்கள், அதில் உப்பு இருக்கும். பிறகு பிழிந்து, புட்டுக்கு மாவு விரவும் பதத்தில் ஈரம் வையுங்கள். பிடித்தால் பிடி நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அதில் விதையைக் கலந்து ஜிப் கவரில் போட்டு, கொஞ்சம் காற்று விட்டு மூடிவிடுங்கள். கவர் மேலேயே மரத்தின் பெயரும் தேதியும் எழுதுங்கள். முளைத்த பிறகு எல்லாக் கன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். 30 முதல் 35 டிகிரி சூடு இருந்தால் நன்றாக முளைக்கும். சென்னையில் அதற்கென்று எதுவும் செய்ய வேண்டாம், மார்கழி தையில் மட்டும் வேகம் குறையும். நேர் வெயிலில் மட்டும் கவரை வைக்காதீர்கள், உள்ளே வெந்துவிடும்.

எத்தனை நாள் என்றால், ராயல் பாம் இரண்டு மூன்று மாதம். ஃபாக்ஸ்டெயிலும் அப்போதே தொடங்கும், ஆனால் ஒரே நேரத்தில் வராது. ஒரே மரத்து விதையில் ஒன்று மூன்றாம் மாதம், இன்னொன்று வருடத்தை ஒட்டி வரும். பாட்டில் பாமும் கூந்தல் பனையும் நாலைந்து மாதம், அதற்கு மேலும் ஆகலாம். கவரை வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். அழுகியதை நசுக்கினால் மெத்தென்று அமுங்கும், அதை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை விட்டுவையுங்கள். பாதிப் பேர் நாலாவது மாதம் கவரைக் குப்பையில் கொட்டிவிடுகிறார்கள். விதை கெட்டியாக இருக்கும் வரை அது உயிரோடு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முளை வந்த பிறகு செய்வதை இங்கே ஊரில் பிள்ளைகளுக்குப் பனங்கொட்டையைக் காட்டித்தான் சொல்லிக்கொடுப்பேன். பனங்கொட்டை மண்ணுக்கு மேலே கிடக்கும். அதிலிருந்து ஒரு குழாய் கீழே இறங்கி, ஒரு முழம் தள்ளிப் போய்த்தான் கன்று உருவாகும். அதைத்தான் கிழங்காகத் தோண்டித் தின்கிறோம். தேங்காய் அப்படி இல்லை, கண்ணை ஒட்டியே குருத்து வரும். பாம் குடும்பம் முழுவதையும் இந்த இரண்டு வகையில் அடக்கிவிடலாம். கூந்தல் பனை, ஈச்சை, விசிறிப் பாம்கள் பனை வழி. அவற்றுக்கு உயரமான பை வேண்டும். ஃபாக்ஸ்டெயில், ராயல், பாட்டில், அரிக்கா எல்லாம் தேங்காய் வழி. விதை பாதி வெளியே தெரிய நட்டால் போதும்.

முளைத்த தேங்காயை உடைத்தால் உள்ளே தேங்காய்ப்பூ, பனங்கொட்டையை வெட்டினால் தவுண். இரண்டும் ஒரே வேலைக்கு வந்தவை. பருப்பைக் கரைத்து உறிஞ்சிக் கன்றுக்குக் கொடுக்கும் உறுப்பு அது. எல்லாப் பாம் விதைக்குள்ளும் சின்ன அளவில் இருக்கிறது. அதனால் இலை வந்துவிட்டதே என்று விதையைக் கன்றிலிருந்து பிய்க்காதீர்கள். மாதக்கணக்கில் அதிலிருந்துதான் சாப்பாடு. தானாகச் சுருங்கி உதிரட்டும்.

வேர் ஒரு அங்குலம் வந்ததும் கவரிலிருந்து எடுத்து, ஒரு விதைக்கு ஒரு பை என்று மாற்றுங்கள். பாம் வேர் முறிந்தால் சட்டென்று தேறாது. நார்க்கழிவோடு சேர்த்து ஸ்பூனால் எடுங்கள். செம்மண், மணல், மட்கிய தொழு உரம் சம அளவு. முதல் ஆண்டு அரை நிழல்.

வல்லைவெளி (யாழ்ப்பாணம்)

அண்ணை சொன்ன கிழங்குக் கதைக்கு எங்கள் பக்கத்திலிருந்து கொஞ்சம். இங்கே கிழங்குப் பாத்தி போடுகிறபோது மண்ணை வெட்டி மேடாக்கித்தான் பனங்கொட்டையை நெருக்கமாக அடுக்குவோம். குழாய் இறங்க மெத்தென்ற ஆழ மண் வேணும், பிறகு கிழங்கைத் தோண்டி எடுக்கவும் சுகம். ஆனால் மரமாக வளர்க்க வேணுமென்றால் பாத்தியிலே முளைக்க விட்டுப் பிடுங்கி நடுவது சரிவராது. நடவேண்டிய இடத்திலேயே கொட்டையைப் புதைத்துவிட வேணும். தங்கச்சி அம்மாவின் நிலத்தில் வரம்போரம் பத்துப் பனங்கொட்டை போட்டாலும் நல்லதுதானே. தவுண் என்று அண்ணை சொல்வதை நாங்கள் பூரான் என்போம், சின்ன வயசில் அதற்குத்தான் சண்டை.

இன்னொன்று, குடைப்பனை. இலங்கையில் பேராதனைத் தாவரவியல் தோட்டத்துக்குப் போனவர்கள் கண்டிருப்பீர்கள். முப்பது தொடக்கம் எண்பது வருடம் வரை வளர்ந்து, உச்சியில் ஒரேயொரு தரம் பூத்து, காய்கள் முற்ற ஏறக்குறைய ஒரு வருடம் எடுத்து, அதோடு மரம் பட்டுப்போகும். ஆயிரக்கணக்கில் காய் கொட்டும். உங்கள் ஊரில் எந்தப் பூங்காவிலாவது குடைப்பனை பூத்து நின்றால் அந்த இடத்தைக் குறித்து வையுங்கள். அந்த மரத்திலிருந்து இரண்டாம் முறை விதை கிடைக்காது. அதுவும் பனை வழிதான், ஆழமான பை வேணும்.

கொன்றைப்பூ

அண்ணாச்சி, வல்லைவெளி அண்ணா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிகவும் நன்றி. பூங்கா மேற்பார்வையாளரிடம் பேசிவிட்டேன். "விழுந்ததுதானே, தாராளமா எடுத்துக்கோங்கம்மா, நடைபாதையில வழுக்கி விழறாங்கன்னு புகார் வருது" என்றார். பெருக்குகிற அக்கா ஞாயிற்றுக்கிழமை முதல் தனியாக எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார், அவருக்கும் இரண்டு கன்று வேண்டுமாம்.

பாட்டில் பாமில் பார்த்தேன், காய் இருக்கிறது, இன்னும் பச்சை. இன்னொரு சந்தேகம்: பூங்காவில் ஈச்ச மரமும் இருக்கிறது, ஆனால் அதில் காயே இல்லை. ஏன்? பால்கனி மேற்குப் பார்த்தது, மதியத்துக்கு மேல் வெயில் அடிக்கும். கவரை எங்கே வைப்பது?

செம்மண்தேரி

பாட்டில் பாம் காய் பழுத்துக் கறுக்கும் வரை பொறுங்கள். அதற்குள் ஃபாக்ஸ்டெயிலில் கை பழகிவிடும்.

ஈச்சையில் ஆண், பெண் மரம் தனித்தனி, பனையைப் போலவே. உங்கள் பூங்காவில் இருப்பது ஆணாக இருக்கலாம், அல்லது பக்கத்தில் ஆண் இல்லாத பெண்ணாக இருக்கலாம். பூக்கும் பருவத்தில் பாளையைப் பார்த்தால் தெரிந்துவிடும். இன்னொரு விஷயம், ஈச்சை இனங்கள் தங்களுக்குள் சுலபமாகக் கலந்துவிடும். பல வகை ஈச்சை நிற்கிற பூங்காவில் எடுத்த விதை தாய் மரம் மாதிரியே வரும் என்று சொல்ல முடியாது. ஃபாக்ஸ்டெயிலில் ஆண் மரம், பெண் மரம் என்ற கவலை இல்லை. ஒரே மரத்தில் ஆண் பூவும் பெண் பூவும் உண்டு.

மொட்டைமாடி தம்பி, ஜிப்ரலிக் ஆசிட் வேண்டாம். முளைப்பு முந்தலாம், ஆனால் கன்று நீண்டு மெலிந்து, நிமிர்ந்து நிற்கத் தெம்பில்லாமல் வரும். இரண்டு வாரம் லாபத்துக்காக இரண்டு வருடம் முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். சூடோமோனாஸ் போடுவது நல்ல பழக்கம், டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையையும் நார்க்கழிவில் கலக்கலாம்.

தங்கச்சி, கவரை பால்கனியில் வைக்காதீர்கள். சமையலறைப் பரண் மேல் ஒரு அட்டைப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். அடுப்புச் சூடு மேலே ஏறி அங்கே எப்போதும் கதகதப்பாக இருக்கும், இருட்டாக இருப்பதால் ஒன்றும் கெடாது. பச்சை இலை வந்த பிறகுதான் வெளிச்சம் வேண்டும். அப்போது பால்கனிக்கு 50 சதவீத நிழல்வலை ஒன்று வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

நிலத்தில் வைக்கும்போது ராயல் பாமை மட்டும் வீட்டுக்கும் நடக்கிற பாதைக்கும் தள்ளி வையுங்கள். முழு வளர்ச்சி அடைந்த மரத்தின் மட்டை அடிப்பாளையோடு சேர்ந்து விழும்போது ஆளைச் சாய்க்கும் கனம் இருக்கும். ஃபாக்ஸ்டெயில் சுமார் பத்து மீட்டர் போகும், மட்டை இலேசு, வாசலில் வைக்கலாம். தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் வேண்டாம்.

விதை எடுத்ததும் வெட்டிப் பார்த்த ஒன்றின் படத்தை இங்கே போடுங்கள். பருப்பு முற்றியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.